கூடைக்கு இரண்டு இறாத்தல்

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வகுப்புகள் ஐந்து, வாத்தியார் ஒருவர். கூரைத் தகரத்தில் ஏழு ஓட்டைகள் இருந்தன. ஏழாவது ஓட்டைக்கு நேர்கீழே மூன்றாம் வகுப்பு, அதாவது நான். எண்ணுகிற புத்தி எனக்கு அப்போதே உண்டு. பயம் வந்தால் இன்னும் கூடுதலாக எண்ணுவேன். அந்த வருஷக் கடைசியில் நான் எண்ணாத பொருள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மிஞ்சியிருக்காது.

எல்லாவற்றுக்கும் முதல் தவணைப் பரீட்சைதான் தொடக்கம். சூரியன் எந்தத் திசையில் உதிக்கிறது என்று வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்டார். 'பெரிய துரை பங்களாவுக்குப் பின்னால். ஆனால் துரை எழும்பிய பிறகுதான்' என்று நான் எழுதினேன். எங்கள் லயத்து வாசலில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். வாத்தியார் அதை ஐந்து வகுப்புக்கும் கேட்கும்படி வாசித்து, இருமல் வரும்வரை சிரித்தார். புள்ளி எதுவும் போடவில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் அன்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். சரியான பதில் எழுதிய பதினாலு பேரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாம் தவணையில் நோய் வராமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, 'தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகாமல் இருக்க வேண்டும்' என்று எழுதினேன். அதற்கும் சிரிப்பு. அதனால் வருஷக் கடைசிப் பரீட்சைக்கு நான் படித்துக்கொண்டு போகவில்லை, யோசித்துக்கொண்டு போனேன்.

கணக்குப் பாடத்தில் கடைசிக் கேள்வி. ஒரு பெண் காலையில் பதினாலு இறாத்தல், மத்தியானம் பன்னிரண்டு, மாலையில் ஒன்பது இறாத்தல் தேயிலைக் கொழுந்து பறித்தாள், மொத்தம் எவ்வளவு? முப்பத்தைந்து என்று எழுதிவிட்டு எழுந்து போயிருக்கலாம். நான் மேற்கொண்டும் எழுதினேன்: 'முப்பத்தைந்து. ஆனால் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு நிறுவையிலும் கூடைக்கு இரண்டு இறாத்தல் வெட்டுவார். ஆகவே இருபத்தொன்பது. மழை பெய்தால் தண்ணீருக்கு ஒவ்வொன்று. ஆகவே இருபத்தாறு. கூடை உண்மையில் ஒரு இறாத்தல்கூட இல்லை.'

தாள்களை வாங்கி அடுக்கிச் சணலால் கட்டும்போதுதான் வாத்தியார் சொன்னார்.

"இந்த வாட்டி பேப்பரெல்லாம் ஆபீசுக்குப் போகுதுடா. பெரிய தொரை பாக்கணும்னு சொல்லியிருக்காரு. எவன் எவன் ஒழுங்கா எழுதியிருக்கான்னு அப்பத் தெரியும்."

சணலில் எத்தனை முடிச்சு என்று நான் எண்ண ஆரம்பித்தேன்.

எனக்குப் பிரம்புக்குப் பயமில்லை. பற்றுச்சீட்டுக்குத்தான் பயம். அந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தால் வேலையும் போகும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். எங்கள் லயத்தின் கோடிக் காம்பராவில் இருந்தவருக்கு, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதற்காகப் போன மாதம்தான் அது வந்தது. இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு அம்மி, கூடைக்குள் ஒரு கோழி, அழுதுகொண்டு நான்கு பிள்ளைகள். ரோட்டோரம் மழையில் அவர்கள் நின்றதை நான் பார்த்தேன். அவர் பேசியது ஒரு வார்த்தை. நான் எழுதியது ஆறு வரி. எங்களுக்கு அப்பாவும் இல்லை. காம்பரா அம்மா பேரிலும் அக்கா பேரிலும் நின்றது.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். அக்கா அந்த வருஷம்தான் பெரிய ஆளாகப் பேர் பதிந்து கொழுந்துக்குப் போக ஆரம்பித்திருந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டே கேட்டவள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கூடை ஒரு ராத்தலுகூட இல்லைன்னா எழுதுன? அட பாவி!"

பிறகு சிரிப்பு நின்றது.

"டேய், அதுல ஒன் பேரு எழுதியிருக்கியா?"

"பரீட்சைப் பேப்பருல பேரு எழுதாம எப்படிக்கா?"

அக்கா அம்மாவிடம் சொன்னாள். அம்மா அடிக்கவில்லை, அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். அடித்திருந்தால் கணக்கு அதோடு தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனாள். அந்தத் தாளை மட்டும் கட்டிலிருந்து எடுத்துவிடும்படி கேட்பதுதான் யோசனை. வாசலில் தேய்த்துப் பளபளவென்றிருந்த ஒரு ஜோடி சப்பாத்தைக் கண்டதும் அம்மா நின்றுவிட்டாள். உள்ளே கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டிய விடைத்தாள் கட்டை வாங்க வந்தவர் அதைப் பிரித்து மடியில் வைத்து, தேத்தண்ணீர் குடித்தபடி வாசித்துக்கொண்டிருந்தார். வாத்தியார் எதிரே நின்றுகொண்டிருந்தார். அவருடைய வீட்டில் அவர் நிற்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

கணக்கப்பிள்ளை ஒவ்வொரு தாளாகக் கீழே வைத்தார். நான் எண்ணினேன். பதினொன்றாவது தாளில் அவருடைய கை நின்றது. இரண்டு தரம் வாசித்தார்.

"யாரு வீட்டுப் பய இது?"

வாத்தியார் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். அம்மாதான் சொன்னாள்.

"நம்ம பயதாங்கய்யா. வெவரம் தெரியாம எழுதிப்புட்டான். நீங்க மனசுல வச்சுக்கக் கூடாதுங்க."

கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவை, அதற்குப் பிறகு கதவோரம் நின்ற அக்காவை. அக்காவைப் பார்த்தபோது முகத்தில் சிரிப்பு வந்தது.

"வெவரம் தெரியாதவனா? கணக்கு சரியாத்தான போட்டிருக்கான். தொரை கண்ணுல பட்டா எல்லாருக்கும் சங்கடம். இது எங்கிட்டயே இருக்கட்டும்."

தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. இவ்வளவு நல்ல மனுசரைப் பற்றியா அப்படி எழுதினோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது. வழியெல்லாம் நான் குதித்துக்கொண்டு வந்தேன். அம்மா அக்காவின் கையை விடவேயில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விடுமுறை. அம்மாவுக்கும் அக்காவுக்கும் தேத்தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனபோது காலை நிறுவை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். அம்மாவின் கூடையைத் தராசில் மாட்டினார்கள். முள் பதினைந்தில் நின்றது.

"பதிமூணு" என்று கணக்கப்பிள்ளை சொல்லி எழுதினார்.

அடுத்தது அக்கா. முள் பதினாறில் நின்றது.

"பதினாறு."

வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. தோட்டத்தில் முதன்முதலாக ஒரு கூடைக்கு இரண்டு இறாத்தல் வெட்டாமல் விட்டிருக்கிறார், அது என் பதிலால் நடந்தது. ஒரு நாளைக்கு ஆறு இறாத்தல் மிச்சம் என்று மனதுக்குள் கூட்டத் தொடங்கிவிட்டேன். அதற்குள் போய்க்கொண்டிருந்த அம்மா திரும்பி வந்தாள்.

"ஐயா, பெரிய புள்ளையோட கூடைக்கும் பாரம் இருக்குங்க."

"இருந்துட்டுப் போகட்டுமே. ஒன் மகன் பாரமில்லேன்னு எழுதியிருக்கானே?"

"எல்லாருக்கும் வெட்டுற மாதிரி அவளுக்கும் வெட்டிக்குங்கய்யா."

"ஏன், வேணான்னு சொல்றியா?"

"வேணாங்கய்யா."

அம்மா படங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். கணக்கப்பிள்ளை அவளைப் பார்த்தார். சிரிப்பு இப்போது இல்லை. எழுதியதை அடித்தார்.

"சரி. பன்னெண்டு."

நான்கு இறாத்தல் வெட்டிவிட்டார். எனக்கு அம்மா மேல் ஆத்திரமாக வந்தது. அன்று சாயங்காலம் கேட்டும் விட்டேன்.

"நான் எழுதுனது சரிதானம்மா? அவரே சரின்னு சொன்னாரே. நீங்க ஏன் வெட்டச் சொன்னீங்க?"

"சரிதான்டா. அதான் எனக்குப் பயமாயிருக்கு" என்றாள் அம்மா.

அந்த வாரமே அக்காவைத் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமா வந்து, விடியுமுன் கூட்டிக்கொண்டு போனார். ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளி. மூன்று பேர் சாப்பிட்ட வீட்டில் இரண்டு பேர். மாமிக்கு உடம்பு சரியில்லை, ஒத்தாசைக்குப் போயிருக்கிறாள் என்று அம்மா எனக்குச் சொன்னாள். எந்தத் தோட்டம் என்று யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்றாள். கணக்கப்பிள்ளை கேட்டால் சொல்லலாமா என்று நான் கேட்க நினைத்து மறந்துவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து, நானும் அம்மாவும் கடைக்குப் போய்த் திரும்பும்போது குறுக்குப் பாதையில் அவர் எதிரே வந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எங்களைக் காப்பாற்றியவர் அல்லவா?

"என்னடா, கணக்குப் புலி" என்றார் என்னைப் பார்த்து. அம்மாவைப் பார்க்கவில்லை. "ஒங்கக்காவக் காலைல பெரட்டுல பேரு கூப்புடறப்ப காணோமே. எங்கடா போயிருக்கு?"

அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டை எலும்பு வலிக்க அழுத்தின. தலவாக்கலை என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அவர் கோட்டுப் பையைக் கண்டேன். அந்தத் தாள் இன்னும் அதற்குள் இருக்கும். என் பதிலை வாசித்துவிட்டுச் சிரித்தவர். இன்னொரு முறை சிரிக்க வைக்கலாம் என்று தோன்றியது.

"சூரியன் உதிக்கிற பக்கமாப் போயிருக்குங்கய்யா."

"அது எந்தப் பக்கம்டா?"

"பெரிய தொரை பங்களாவுக்குப் பின்னாலங்க."

அவர் சிரிக்கவில்லை. என்னைக் கூர்ந்து பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். காறித் துப்பிவிட்டுப் போய்விட்டார். அந்தச் சூரியன் பதிலுக்குச் சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

அம்மா பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்து, வீட்டுக்குப் போய்த்தான் தருவேன் என்று சொல்லியிருந்த கற்கண்டு முழுவதையும் என் கையில் கொட்டினாள். ஒன்பது துண்டுகள். புள்ளி கிடைக்காத ஒரு பதிலுக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். அம்மா என் தலையைத் தன் மடியில் இழுத்து அமுக்கிக்கொண்டாள். மூச்சு முட்டுகிறது என்று நான் திமிறினேன்.