அம்மாவின் கணினியை நான் அடுக்கிய சனிக்கிழமை

பத்து வயதில் எனக்கிருந்த தலைக்கனத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வகுப்பில் கணினிப் பாடத்தில் நான்தான் முதல். கேட்டவர்களுக்கும் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

மாமா பிரிக்பீல்ட்ஸில் கல்யாணக் கார்டு அச்சடிக்கும் கடை வைத்திருந்தார். மேல்மாடியில் அவருடைய தங்கை, அதாவது என் அம்மா, தமிழில் தட்டெழுதுவாள். விரல்கள் பறக்கும்! அவள் தன் கணினியில் சேமித்து வைப்பதை மாமா கீழே தன் கணினியிலேயே திறந்து அச்சடிப்பார். இரண்டையும் ஒரு வயர் இணைத்திருந்தது. அப்படிப் பகிர்ந்துகொண்ட மஞ்சள் ஃபோல்டர்கள் அம்மாவின் திரை முழுக்க இருந்தன. ஒவ்வொன்றையும் அடியில் ஒரு சின்னக் கை ஏந்தியிருக்கும். பெயர்களை மாமா ஆங்கிலத்தில் வைத்திருந்தார்.

"இன்னொரு தடவ தப்பாச்சுன்னா, கோர்ஸ் படிச்ச பொண்ண வச்சிடுவேன்" என்று மாமா அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். அப்பா போனபின் எங்கள் இருவருக்கும் சோறு போட்டது அந்த மேல்மாடி நாற்காலிதான்.

சனிக்கிழமை அம்மா தேநீர் வாங்கப் போன நேரத்தில் அதில் ஏறி உட்கார்ந்தேன். திரையைப் பார்த்ததும் முகம் சுளித்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாய், என்ன அலங்கோலம் இது! மௌசில் இரண்டே தட்டு. அத்தனை ஃபோல்டர்களும் ஏ, பி, சி வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல் நின்றன. அம்மாவுக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று பூரித்துப்போனேன்.

அம்மா திரும்பியபோது மாமாவும், கிள்ளானிலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டு அம்மாளும் கூடவே வந்தார்கள். கார்டைத் திரையில் பார்க்க வேண்டுமாம். அம்மா ஒரு கணம் தயங்கினாள். பிறகு அவள் கை பழகிய இடத்துக்கே போய் அங்கிருந்ததைத் திறந்தது. மாலை போட்ட ஒரு பெரியவரின் படம். கீழே பதினாறாம் நாள் காரியம்.

"ஐயோ முருகா! கல்யாணக் கார்டு பாக்க வந்த எடத்துல கருமாதியா?" அந்த அம்மாள் எழுந்தேவிட்டார். மாமாவின் முகம் சிவந்தது. அம்மா மௌசை அங்குமிங்கும் நகர்த்தித் தேடினாள்.

"தள்ளும்மா, நான் காட்டுறேன்!"

பாய்ந்துபோய், 'கிள்ளான் வெட்டிங்' என்றிருந்த ஃபோல்டரைத் திறந்தேன். பிள்ளையாரும் மணமக்கள் பெயரும் தங்க நிறத்தில் வந்து நின்றன.

"கெட்டிக்காரி லா இந்தப் பிள்ளை!" அந்த அம்மாள் மறுபடி உட்கார்ந்தார். மாமா என் தலையைத் தடவிவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "பத்து வயசுப் புள்ள செய்யுது. ஒனக்கு ஒரு வாரம் டைம், தங்கச்சி."

"என் மவ அண்ணே," என்றாள் அம்மா. எல்லாவற்றையும் இடம் மாற்றியது நான்தான் என்று அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? எனக்கோ அன்று கால் தரையில் பாவவில்லை.

பஸ்ஸில், "பழைய மாதிரியே வச்சிடுறியா கண்ணு?" என்று கேட்டாள்.

"எதுக்கும்மா? ஏபிசி தெரிஞ்சாப் போதும், எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடலாம்."

கணினி முன் உட்காருகிறவருக்கு ஆங்கிலம் தெரியாமல் இருக்குமா என்பது என் எண்ணம். அம்மா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாவதோடு நின்றவள், ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் அறியாதவள், எந்த ஃபோல்டர் எந்த இடம் என்று மனப்பாடம் செய்தே அத்தனை நாளும் வேலை பார்த்தவள் என்பதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் என் நோட்டுப் புத்தகத்தை விரித்து, "அந்த ஏபிசிய வரிசையா, பெருசா எழுதிக் காட்டு," என்றாள். என் கையெழுத்தின் அழகைப் பார்க்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கலர் பென்சில் எடுத்து, ஜோராக எழுதிக் கொடுத்தேன்.