அண்ணி எழுதிய பத்து வாக்கியங்கள்

அண்ணியின் நோட்டை நான் விரித்துப் பிடித்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. திருப்புலிவனத்தில் எங்கள் வீடு. கோழிக்குழம்புச் சாப்பாடு முடிந்து அம்மா கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அண்ணன் தரையில் படுத்துப் போனை நோண்டிக்கொண்டிருந்தான். அண்ணி தோட்டத்துப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நோட்டை அலமாரியிலிருந்து எடுத்தது நான்தான். யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

அண்ணியும் நானும் சனிக்கிழமைதோறும் உத்திரமேரூர் பஜாரில் ஒரு மாடியில் நடந்த இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான் அப்போது கல்லூரியில் கடைசி வருடம். அண்ணி பன்னிரண்டாவது முடித்ததும் கல்யாணமாகி வந்தவர், பால்வாடிக்குப் போகிற வயதில் ஒரு மகள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசினால் வேலைக்கு எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு, அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி வகுப்புக்கு வந்தார். அந்த வாரம் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் பாடம். முன்பே முடிவு செய்ததற்கு 'ஐ ஆம் கோயிங் டு', அப்போதைக்குத் தோன்றுவதற்கு 'ஐ வில்' என்று சார் போர்டில் எழுதினார். "உங்க வாழ்க்கையில இனிமே இன்னா நடக்கப்போவுதுன்னு பத்து வாக்கியம் எய்திக்கினு வாங்க" என்றார். சினிமா, புதுச் சுடிதார், மாகறல் கோயில் என்று நான் ஒப்பேற்றிவிட்டேன்.

அண்ணி ஒப்பேற்றவில்லை, மனதில் இருந்ததையே எழுதியிருந்தார். ஜூன் மாதம் வேலைக்குச் சேரப்போகிறேன். வாலாஜாபாத்தில் சின்னதாக ஒரு வீடு பார்க்கப்போகிறேன். மகளை அங்கேயே பள்ளியில் சேர்க்கப்போகிறேன். ஏழாவது வாக்கியம், என் கணவர் குடித்துவிட்டு வரும் நாளில் அவருக்குச் சோறு போடப்போவதில்லை. தமிழில் இதில் ஒன்றைக்கூட அவர் அந்த வீட்டில் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த இன்னொருத்தி நான்தான். என்னைத் தன் பக்கம் என்று நினைத்திருப்பார்.

எனக்கு இங்கிலீஷ் வரும் என்று காட்டிக்கொள்ளும் அரிப்பு, வேறொன்றுமில்லை. "இன்னாடி எய்திக்கிறா உங்க அண்ணி, படி பார்க்கலாம்" என்று அம்மா கேட்டதும், ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னேன். இரண்டாவதில் அண்ணன் போனைக் கீழே வைத்தான். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஏழாவதையும் படித்தேன், அதுவும் சிரித்துக்கொண்டே. அண்ணி ஈரக்கையோடு வந்து நின்றார். அவர் பார்த்தது என்னைத்தான்.

"படிக்கிறேன் படிக்கிறேன்னு சொல்லிக்கினு குடும்பத்தைப் பிரிக்கத் திட்டம் போட்டுக்கினு கீறா" என்றாள் அம்மா. இனிமேல் வகுப்புக்குப் போக வேண்டாம் என்று அண்ணன் முடித்துவிட்டான். அடுத்த சனிக்கிழமை நான் மட்டும் போனேன். அண்ணி எங்கே என்று சார் கேட்டபோது உடம்பு சரியில்லை என்றேன்.

அந்த இங்கிலீஷ்தான் இன்று எனக்குச் சோறு போடுகிறது. அடுத்த மூன்று மாதத்தில் என்ன செய்யப்போகிறோம் என்று சென்னை ஆபீசில் வாராவாரம் பேசுகிறேன். அண்ணி இன்னமும் நடவுக்கும் களையெடுக்கவும் போகிறார். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை, அதுதான் உண்மை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணியின் மகள் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். வீட்டில் காணவில்லை. மேல்படிப்புக்கு அவளை என்னிடம் அனுப்புங்கள், என் வீட்டிலேயே தங்கட்டும் என்று பெரிய மனுஷித்தனமாகச் சொன்னேன். அண்ணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அவ வேலூர்ல நர்சிங் சேர்ந்து பத்து நாளாவுதுமா. ஹாஸ்டல்ல கீறா."

அம்மாவைப் பார்த்தேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அண்ணனுக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரியும்.

"என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அண்ணி?"

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"அவ போய்ச் சேரட்டும், அப்பால உன்னாண்ட சொல்லலாம்னு இருந்தேன்மா" என்றார்.