எல்லா சாக்ஸிலும் ஒரே இடத்தில் ஓட்டை

என் சம்சாரம் எழிலரசிக்கு அஞ்சாம் நம்பர் காலு. கிள்ளை பக்கத்து எறால் பண்ணையில அவளுக்குக் குளத்துல எறங்கக் குடுத்த ரப்பர் உடுப்போ எட்டாம் நம்பர். நெஞ்சுலேர்ந்து பாதம் வரைக்கும் ஒரே உருப்படி, பூட்ஸும் அதோடவே ஒட்டியிருக்கும். நல்ல சாக்ஸ் இல்லாம அதுல நடந்தா தோலு உரிஞ்சிடும்.

பத்து வருஷமா அவ அங்க ஷெட்டுல எறால் தரம் பிரிச்சிக்கிட்டிருந்தா. குளத்துல எறங்கி வளர்ச்சி பாக்குறது ஆம்பளைங்க வேலை. "நானும் எறங்குறேன் சார்"னு மேனேஜர் லூர்துசாமிகிட்ட இவளே போயி கேட்டிருக்கா. "ஒரு மாசம் பாப்போம்மா, முடியலன்னா திரும்ப ஷெட்டுதான்"னுட்டாரு. எனக்குப் பெருமை தாங்கல. சிதம்பரத்துல என் ஷேர் ஆட்டோவுல ஏறுன அத்தன பேருகிட்டயும் சொல்லிட்டேன்.

மூணே நாள்ல நொண்ட ஆரம்பிச்சா. காலக் காட்டுடின்னா காட்டமாட்டா. "சாக்ஸ் சரியில்ல, வேற வாங்கியாங்க"ன்னா. நைலான் வாங்கினேன், உள்ள வழுக்குதுன்னா. பருத்தி வாங்கினேன், வேர்வையில நனைஞ்சி குதிகால்ல சுருட்டிக்கிதுன்னா. கடைக்காரன் சிரிக்கிறான்: "என்னண்ணே, வீட்டுல பூரானா வளக்குறீங்க?" கடுப்பாயிட்டேன். கடைசியில முட்டி வரைக்கும் வர்ற ஃபுட்பால் சாக்ஸ், பாதத்துல தடிமனா, ஒண்ணு மாட்டுச்சி. வழுக்கல, சுருட்டல. அப்பவும் நொண்டுறா! மாசம் முடிய நாலே நாளு.

ஞாயித்துக்கெழம கொடியில சாக்ஸ காயப்போடறப்பதான் பாத்தேன். எல்லா சாக்ஸிலயும் ஓட்டை. ஒரே இடத்துல, ரெண்டாவது விரலுகிட்ட. அட மடப்பயலே பழனிவேலு, மெட்டிடா! இதுக்கா கடை கடையா ஏறி எறங்குன?

"மெட்டியக் கழட்டு"ன்னேன்.

"நீங்க குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப நான் எதுக்குக் கழட்டணும்? வாயக் கழுவுங்க!"ன்னு எகிறுனா. அப்புறம் கண்ணு கலங்கிடுச்சு. "மொத நாளே தெரியும்ங்க. சாக்ஸ் நல்லாருந்தா தாங்கிடலாம்னு பாத்தேன்."

என் உசுருக்காக இவ இத்தினி நாளா புண்ணோட நடந்திருக்கா.

"அம்மி மேல உன் கால வெச்சி மாட்டுனது யாரு? நான்தான? நானே கழட்டுறேன், எனக்கு ஒண்ணும் ஆவாது"ன்னேன். சோப்புத் தண்ணி போட்டு ரெண்டையும் உருவி, அவ தாலிக்கயித்து ஊக்குல கோத்து விட்டேன். புண்ணு ஆற ரெண்டு நாளு லீவு போட்டா.

கடைசி நாளு மூணு குளம் எறங்கி ஏறியிருக்கா, நொண்டாம. "இனிமே நீ குளத்துக்கே வந்துடும்மா, அஞ்சாம் நம்பர் உடுப்பு சொல்லிவிடுறேன்"னாராம் லூர்துசாமி.

சாயங்காலம் வந்தவ, ஊக்குலேர்ந்து மெட்டிய எடுத்து என் கையில குடுத்துட்டு கால நீட்டுனா. "போட்டு விடுங்க. காலையில வேலைக்குப் போறப்ப கழட்டிக்கலாம்."

"அம்மி எங்கடி?"

"மிக்ஸிதான் இருக்கு. அது மேல வெக்கட்டா?"

நான் அந்தக் கால எடுத்து என் முட்டி மேல வெச்சிக்கிட்டேன்.