ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் வலி

பஸ்ஸை ஓட்டுவது நான்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பின்னாலிருந்து விசில் வராமல் நான் வண்டியை ஓரடி நகர்த்தியதில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய்வரும் எங்கள் தனியார் பஸ்ஸில் பதினாறு வருடமாக அந்த விசிலை ஊதுகிறவர் கண்டக்டர் ராஜாமணி. என் அக்கா அமராவதியின் வீட்டுக்காரர். வயது ஐம்பத்தாறு. பஸ் காலியாக ஓடினாலும் சீட்டில் உட்கார மாட்டார். "ஒக்காந்து டிக்கெட் கிழிக்க இது என்ன சினிமா கொட்டாயா?" என்பார். அந்த வீம்புதான் முட்டியைத் தின்றுவிட்டது என்பது என் கட்சி. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

இரண்டு வருடமாகவே மாமா பஸ்ஸை விட்டு இறங்கும் விதம் மாறிப்போயிருந்தது. ரோட்டுக்கு முதுகைக் காட்டி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, ஏணியில் இறங்குவது போல ஒவ்வொரு காலாக இறக்குவார். கேட்டால் "ஸ்டைலுடா மச்சான்" என்பார். எனக்குக் கண்ணாடியில் எல்லாம் தெரியும். அப்புறம் விசில் தாமதமாக ஆரம்பித்தது. ஆட்கள் ஏறி முடித்த பிறகு மாமா படியேறி வர, நான் மனசுக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு காத்திருப்பேன். போகப்போக அது பதினைந்து ஆனது. எல்லா ஸ்டாப்பிலும் சேர்த்து எங்கள் தொழிலில் நாலு நிமிஷம் தவறினால் பின்னால் வருகிற வண்டிக்காரன் ஆளை அள்ளிக்கொண்டு போய்விடுவான். டைம் கீப்பரோடு சண்டை போடுவது என் வேலையாகிவிட்டது.

ஒருநாள் முதலாளி வைத்திலிங்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அடுத்த மாசம் ஒண்ணாந்தேதிலேர்ந்து ஒங்க மாமாவ ஷெட்டுல ஒக்கார வெச்சிடறேன் செல்வா. சம்பளத்துல கை வெக்க மாட்டேன்" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் அதை மாமாவிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். "டயர எண்ணிக்கிட்டு ஒக்காரச் சொல்றாரா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. அந்த ஒன்றாம் தேதிக்கு முப்பத்தெட்டு நாள் இருந்தது.

அதுவரை மாமா பார்த்த வைத்தியத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை, பண்ருட்டியில் யாரோ கொடுத்த எண்ணெய், முட்டிக்கு ஒரு பெல்ட். நான்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக, கடலூரில் வலிக்கென்றே வைத்தியம் பார்க்கும் டாக்டர் பிரிசில்லாவிடம் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "தேய்மானம் நாலுல மூணாவது கட்டத்துல இருக்கு. ஆபரேஷன் இப்பவே வேணும்னு இல்ல" என்றார். முட்டியைச் சுற்றி வலியைச் சொல்லும் நரம்புகள் ஓடுகின்றனவாம். ஊசி வழியாக அவற்றைச் சூடுபடுத்தி அடக்கிவிட்டால் பல மாதம் வலி குறைந்திருக்குமாம்.

"மாட்டுக்குச் சூடு வெக்கற மாதிரியாங்க?" என்றார் மாமா.

டாக்டர் சிரித்துவிட்டார். தேய்ந்தது திரும்ப வளராது, எடையைக் குறைக்க வேண்டும், தொடைக்குப் பயிற்சி செய்ய வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னார். அதற்கு முன்னால் ஒரு டெஸ்ட். அந்த நரம்புகள் சில மணி நேரம் மரத்துப்போக ஓர் ஊசி போடுவார். வலி பாதிக்கு மேல் குறைந்தால்தான் அடுத்த வேலை. "அன்னிக்கு அரைமணிக்கு ஒருவாட்டி, பத்துக்கு எத்தன வலின்னு எழுதுங்க. வழக்கமா எதச் செஞ்சா வலிக்குமோ அதையே செய்யுங்க" என்றார். மாமா தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

எங்கள் வீட்டில் ஊசி போட்டவர் படுக்க வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, ரசஞ்சோறுதான். ஊசி போட்டுக்கொண்டு வந்த மாமாவை அக்கா கட்டிலில் சாய்த்து, காலுக்கு இரண்டு தலையணை கொடுத்து, "எழுந்தீங்கன்னா பாருங்க" என்று மிரட்டினாள். பக்கத்துத் தெரு சௌந்தரம் சாத்துக்குடியோடு வந்து முட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மாமா படுத்தபடியே அரைமணிக்கு ஒருமுறை சைபர் எழுதினார். மொத்தம் பதினாறு சைபர். வீடே பூரித்துப்போனது. நான் அல்வா வாங்கிவந்தேன், அதையும் மறைப்பானேன்.

மறுநாள் டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "எத்தன படி ஏறுனீங்க?" என்று கேட்டார்.

"படியா? பாத்ரூமுக்கே மச்சான் தோளப் புடிச்சிக்கிட்டுதான் போனேன்" என்றார் மாமா பெருமையாக.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "படுத்திருந்தா யாருக்குமே முட்டி வலிக்காதுங்க. நான் எழுதுனாலும் சைபர்தான்." டெஸ்ட் வீண். ஒரு வாரம் கழித்து மறுபடியும் போட வேண்டும். வெளியே வந்ததும் மாமா என்னைத் திட்டினார், நான் அக்காவைத் திட்டினேன், அக்கா டாக்டரைத் திட்டினாள்.

"இந்தவாட்டி வீட்டுக்கே போக வாணாம் மாமா. ஊசிய போட்டுக்கிட்டு நேரா வண்டிக்கு வாங்க" என்றேன். டாக்டரும் ஒத்துக்கொண்டார். கம்பியை விடக் கூடாது, ஓடுகிற வண்டியில் தொற்றக் கூடாது என்று மட்டும் எச்சரித்தார். காலை எட்டு மணிக்கு ஊசி. அரைமணி நேரம் நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு அனுப்பினார். ஒன்பதே காலுக்கு வண்டியை எடுத்தோம்.

வலியை எழுதத் தனித் தாள் வேண்டாம் என்று மாமா டிரிப் ஷீட்டையே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு ஸ்டேஜிலும் கடைசி டிக்கெட்டின் நம்பரை அதில் எழுதுவது கண்டக்டர் வேலை. பக்கத்திலேயே வலியின் நம்பரையும் போட்டுக்கொண்டு வந்தார். கடலூர் இரண்டு. முதுநகர் இரண்டு. ஆலப்பாக்கம் மூன்று. மற்ற நாளில் அங்கெல்லாம் எட்டுக்குக் குறையாது. புதுச்சத்திரத்தில் ஓர் அம்மா மீன்கூடையோடு இறங்கத் தடுமாற, மாமா அவளுக்கு முன்னால் இறங்கிக் கூடையை வாங்கினார். கண்ணாடியில் பார்த்தேன். ரோட்டைப் பார்த்தபடி இறங்கியிருந்தார். சும்மா ஒரு ஹாரன் அடித்தேன்.

மத்தியானத்துக்கு மேல், சிதம்பரத்திலிருந்து இரண்டாவது நடை திரும்பும்போது விசில் மறுபடி பிந்தியது. பி.முட்லூரில் ஏழு வரை எண்ணினேன். ஆலப்பாக்கத்தில் பன்னிரண்டு. கடலூர் ஸ்டாண்டில் ஆட்கள் இறங்கிய பிறகு திரும்பிப் பார்த்தால், மாமா கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தார். பதினாறு வருடத்தில் அவர் பஸ்ஸில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"போச்சுடா மச்சான். திரும்பி வந்துருச்சு."

தாளை வாங்கிப் பார்த்தேன். முட்லூர் நாலு, ஆலப்பாக்கம் ஆறு. கடலூருக்கு நேரே இன்னும் எழுதவில்லை. "எல்லாத்தையும் அடிச்சிட்டு மூணுன்னு போடுங்க மாமா. யாரு வந்து பாக்கப் போறா? இத விட்டா ஷெட்டுதான்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். எழுதிவிடுவார் என்றுதான் நினைத்தேன். "இந்தத் தாள்ல பொய் நம்பர நான் எழுதுனதில்லடா" என்று சொல்லி, கடலூருக்கு நேரே எட்டு என்று போட்டார். எனக்கு வந்த கோபத்தில், இந்த யோக்கியத்தையெல்லாம் ஷெட்டில் டயரிடம் காட்டுங்கள் என்று கத்திவிட்டேன்.

மறுநாள் டாக்டர் பிரிசில்லா தாளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். இரண்டு, இரண்டு, மூன்று. கடைசியில் நாலு, ஆறு, எட்டு. மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"இதான் எனக்கு வேணும்" என்றார் டாக்டர். "அந்த மருந்து அஞ்சாறு மணி நேரந்தான் நிக்கும். மருந்து தீந்ததும் வலி திரும்புச்சுன்னா, காலையில கொறஞ்சது மருந்தாலதான்னு தெரியுது. சாயங்காலம் வரைக்கும் மூணுன்னு எழுதியிருந்தீங்கன்னா நான் நம்பியே இருக்க மாட்டேன்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் கழித்து வைத்தியம் முடிந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான். மூன்று ஊசித் துளை, தையல் இல்லை. முதல் பத்து நாள் முட்டி கன்றிப்போய் வலி ஜாஸ்தியாகவே இருந்தது. இப்படி வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், இந்தத் தடவை நாங்கள் காதில் வாங்கியிருந்தோம். மூன்றாவது வாரம் மாமா நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டித் தூக்கிப் பயிற்சி செய்ய, அக்கா எதிரே நின்று எண்ணினாள்.

ஒன்றாம் தேதி காலையில் முதலாளி கடலூர் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். என் பக்கத்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஆலப்பாக்கத்தில் நல்ல கூட்டம். மாமா இறங்கி ஆட்களை ஏற்றுவது கண்ணாடியில் தெரிந்தது. நான் வழக்கம்போல எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு...

பின்னாலிருந்து இரண்டாவது விசில் கிழித்தது; எண்ணுகிற மும்முரத்தில் முதல் விசில் என் காதில் விழவே இல்லை. "டேய் செல்வா! ரைட் குடுத்து எவ்ளோ நேரமாவுது? ஒன்னாலதான்டா வண்டி லேட்டு!"

முதலாளி தலையைத் திருப்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஷெட்டுக்கு நீ வர்றியா?" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டேன்.