வெட்டி எறிந்த ஒரு சாண் தாள்

1. வடிவான கார்ட்

ஈ.சி.ஜி. அறையில் முதல் நாள் என் கையில் தந்த சாமான்கள் இரண்டு: ஒரு கத்தரிக்கோல், ஒரு பசைப் போத்தல்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி அது. அப்போதிருந்த மெஷின் ஒரு நேரத்தில் ஒரு லீட், அதாவது இதயத்தை ஒரு கோணத்திலிருந்து காட்டுகிற கோடு, மட்டும்தான் எழுதும். பன்னிரண்டு லீடும் முடியும்போது தாள் முழக்கணக்கில் நிலத்தில் கிடக்கும். ஒவ்வொரு லீடிலும் நாலைந்து நல்ல துடிப்பை வெட்டியெடுத்து, கார்டில் வரிசையாக ஒட்டி டொக்டரிடம் கொடுப்பது ரெக்கோடிஸ்டான என் வேலை. ஆள் அசைந்தாலோ, நெஞ்சில் வைத்த கப் கழன்றாலோ கோடு கோணலாகும். அந்தத் துண்டு குப்பைக்கூடைக்குப் போகும்.

என் கார்டுகள் கலியாணக் கார்ட் மாதிரி இருக்கும் என்று வார்டில் பகிடி பண்ணுவார்கள். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை. இப்போது பன்னிரண்டு லீடும் ஒரே தாளில் வந்து விழுகிறது, ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் நான் செய்த பிழையை இன்றைக்கும் எவரும் செய்யக்கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2. வயரைத் தட்டினேன்

சீனித்தம்பி, மண்டூர்ப் பக்கத்து வட்டவிதானை. வட்டை என்கிற வயல்வெளியில் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று தீர்மானித்து, மதகு திறக்கிற பொறுப்பு அவருக்கு. அறுபது வயதிலும் கருங்காலி மாதிரி உடம்பு. அங்கே வருவதற்கு முதல் நாள் வரம்பில் விழுந்து கிடந்தவரை அவருடைய மனைவி அழகம்மா பிடிவாதமாகக் கூட்டி வந்திருந்தா.

"இது மூணாந்தரம் மிஸி. நிண்ட நிலையில சாயிறார். மறுகா ஒண்டும் நடக்காத மாதிரி எழும்பி மம்பட்டி எங்க எண்டு கேக்கிறார்."

"வெறும் வயித்தோட வெயிலுக்க நிண்டது. அதுக்குப் போய் ஆஸ்பத்திரி," என்றார் அவர்.

படுக்கவைத்து வயர்களை மாட்டினேன். இரண்டாவது லீட் ஓடும்போது திடீரென்று துடிப்பின் உயரக் கோடுகள் காணாமல் போயின. ஊசி கிட்டத்தட்ட நேராகவே இழுத்துக்கொண்டு போனது. கால் வயர் கழன்றுவிட்டது என்று நினைத்து, குனிந்து அதைத் தட்டி அழுத்தினேன். துடிப்பு திரும்பி வந்தது. என் கைராசி என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த ஒரு சாண் துண்டை வெட்டிக் கூடையில் போட்டுவிட்டு, மிச்சத்தை ஒட்டினேன். கார்ட் அவ்வளவு வடிவாக வந்தது. டொக்டர் றிஸ்னா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"இதில பெரிசா ஒண்டும் இல்லையே. தண்ணி நல்லாக் குடிங்க. வெயில்ல நிக்காதீங்க. ரெண்டு கிழமையால கிளினிக் வாங்க."

"வெயில்ல நிக்காம விதானை வேல பாக்கேலுமா டொக்டர்?" என்று சிரித்துக்கொண்டே எழும்பிப் போனார். மறுநாள் காலையில் வட்டைக்குத் தண்ணீர் திறக்கும் முறை. நெஞ்சளவு தண்ணீருக்குள் தனியே இறங்கி நின்று மதகுப் பலகையைத் தூக்க வேண்டும் என்று, படுத்திருந்தபோதே எனக்குச் சொல்லியிருந்தார்.

3. கூடைக்குள் கிடந்தது

மத்தியானம் குப்பைக்கூடையை வெளியே வைக்க எடுத்தேன். அந்தத் துண்டு மேலேயே சுருண்டு கிடந்தது. ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. எடுத்து விரித்தேன்.

நேர்க்கோடு என்று நான் நினைத்தது நேர்க்கோடே இல்லை. சின்னச் சின்ன மேடுகள், ஐந்து. அடிக்கோல் வைத்து அளந்தேன். ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி.

அவை பீ-வேவ்கள். இதயத்தின் மேலறைகள் துடிக்கிற அடையாளம். வயர் கழன்றிருந்தால் அவையும் சேர்ந்துதான் போயிருக்கும். மேலறை ஐந்து தரம் துடித்திருக்கிறது, கீழறை ஒரு தரம்கூடத் துடிக்கவில்லை. நாலு விநாடிக்கு மேல் அந்த மனிதனின் உடம்பில் இரத்தம் ஓடவில்லை. நான் வயரைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

துண்டோடு டொக்டரிடம் ஓடினேன். அதைக் கண்டதும் அவவின் முகம் மாறியது.

"அக்கா, இத ஏன் வெட்டினீங்க?"

"வடிவில்லாமக் கிடந்துது டொக்டர்."

இப்படியொரு அசட்டுப் பதிலை என் வாயிலிருந்து அல்லாமல் வேறு எவரிடமும் நான் கேட்டதில்லை. அவ ஏசவில்லை. "ஆள் எங்க?" என்று மட்டும் கேட்டா.

மண்டூர் பஸ் சந்தியில் புறப்படத் தயாராக நின்றது. மூச்சு வாங்க ஏறினேன். யன்னலோரம் இருந்த சீனித்தம்பி இறங்கமாட்டேன் என்றார்.

"மிஸி, விடிஞ்சாத் தண்ணி துறக்கணும். டொக்டரே ஒண்டும் இல்லையெண்டு சொன்னவ."

"டொக்டருக்கு நான் முழுசாக் காட்டல்ல ஐயா. உங்கட நெஞ்சு நிண்டு போன துண்ட நான் வெட்டிக் குப்பையில போட்டுட்டன். பிழை என்ட. மதகுக்குள்ள நிக்கக்குள்ள இது வந்தா நீங்க எழும்பமாட்டீங்க."

பஸ் முழுக்கக் கேட்டது. வெட்கத்தில் காது சுட்டது. அழகம்மா பையை எடுத்துக்கொண்டு முதலில் இறங்கினா. அவர் பின்னால் இறங்கினார்.

4. கண்ணால் கண்டது

"மெஷின நிப்பாட்டாதீங்க. தாள் முடிஞ்சா முடியட்டும்," என்றா டொக்டர், அவரை மறுபடி படுக்கவைத்து நான் வயர் மாட்டியதும்.

தாள் ஓடியது. மூன்றாவது சுருளில் அது வந்தது. உயரக் கோடுகள் நின்றன. சின்ன மேடுகள் மட்டும் அதே நடையில் போய்க்கொண்டிருந்தன. சீனித்தம்பியின் முகம் சாம்பலாகி, கண் மேலே செருகியது. டொக்டர் அவருடைய நெஞ்சில் கை வைத்து அமர்த்தத் தொடங்கினா. பிறகு, கீழறையிலிருந்து, அகலமான ஒரு துடிப்பு வந்தது. நீண்ட இடைவெளி விட்டு இன்னொன்று. இன்னொன்று. கண் திறந்தார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வலது மேலறையின் மூலையில் எஸ்.ஏ. நோட் என்ற சிறு இடம், நாம் பிறக்குமுன்பே தொடங்கி, ஒருவரும் சொல்லாமல் தானாகக் கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஏ.வி. நோட் அதை ஒரு கணம் தாமதிக்க வைக்கிறது, மேலறை இரத்தம் கீழே இறங்கி முடியட்டும் என்று. பிறகுதான் கீழறைக்கு விடுகிறது. இதெல்லாம் பாடமாக எனக்குத் தெரியும். ஆனால் அந்த வழி அடைபட்டபோது, கட்டளை வராத கீழறை தன் பாட்டில் மெதுவாகத் துடிக்கத் தொடங்கியதைக் கண்ணால் கண்டது அன்றுதான். கும்பிட வேண்டும்போல் இருந்தது.

"படிச்சிருக்கன் அக்கா. இப்பதான் காணுறன்," என்றா டொக்டர்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவருக்கு விஷயத்தைச் சொன்னோம். கேட்டுவிட்டு அவரே சொன்னார்:

"மேல் மதகு துறந்துதான் கிடக்கு. நடு மதகுல பலக விழுந்திட்டு. அப்ப கடைசி வயல்காரன் பூவல் கிணறு தோண்டி இறைக்கிறான். பாவம், அவன் எவ்வளவுக்கு இறைப்பான்?"

அதைவிடத் திறமாக எங்களால் சொல்லியிருக்க முடியாது.

5. அவர் கண்டது

மட்டக்களப்பில் தற்காலிகமாக ஒரு வயரை இதயத்துக்குள் விட்டார்கள். பிறகு கொழும்பில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். சில மாதங்களுக்குப் பிறகு கிளினிக்குக்கு வந்தவருக்கு நான்தான் ஈ.சி.ஜி. எடுத்தேன். ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் மயிரிழை போல ஒரு குத்துக்கோடு. அது பேஸ்மேக்கரின் கட்டளை. முழுத் தாளையும் வெட்டாமல் மடித்து வைத்தேன்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஐயா, அண்டைக்கு முதல்ல எடுக்கக்குள்ள உங்களுக்கு ஒண்டும் தெரியல்லையா?"

"தெரிஞ்சது மிஸி. கண் இருட்டிக்கு வந்துது. உங்களக் கூப்பிடுவம் எண்டு பாத்தன், வாய் வரல்ல. நீங்க குனிஞ்சு வயரோட மினக்கெட்டுக்கு நிண்டீங்க."

கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கோடு நேரானால் முதலில் ஆளின் முகத்தைப் பாருங்கள். வயரைப் பிறகு பார்க்கலாம்.