ஓரத்தில் எழுதியிருந்தது

அந்தப் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "மாத்திரை போட்டால் மயக்கம். மீன் கூடையோடு விழுந்துவிட்டார். அதனால் வர மறுக்கிறார்." எழுதியவர் கோவளத்தில் வீடு வீடாகப் போய் எங்கள் ஆய்வுக்கு விவரம் சேகரித்த அக்கா. சிறுசேரியில் ஏசி அறையில் உட்கார்ந்து அந்த விவரங்களை அலசியவள் நான். ரத்த அழுத்தத்துக்கான புது மாத்திரை அது. மருந்து நல்லது செய்கிறதா, கெடுக்கிறதா என்று எண்களை வைத்துச் சொல்வதுதான் என் வேலை. பெரிய படிப்பு. அதைவிடப் பெரிய திமிர்.

பாதியில் நின்றவர்களுக்கு எங்களிடம் ஒரு குறியீடு உண்டு: 'தொடர்பு அறுந்தவர்.' வீடு மாறியவர், போன் எடுக்காதவர் எல்லாருக்கும் அதுதான். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் நின்றவருக்கு வேறு குறியீடு. அதைப் போட்டால் மருத்துவர் நேரில் விசாரிக்க வேண்டும், எல்லாம் தள்ளிப்போகும். மறுநாள் தரவைப் பூட்டியாக வேண்டும், அதன்பின் யாரும் எதையும் மாற்ற முடியாது. மயக்கம் என்று பென்சிலில் எழுதியிருந்த ஏழு படிவங்களுக்கும் முதல் குறியீட்டையே போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. நானேதான் செய்தேன்.

தொடர்பு அறுந்தவர்களின் பட்டியல் கோவளத்துக்குப் போனதும் அக்கா போன் செய்தார்.

"இன்னா மேடம், காணோம்னு போட்டுகினு கீறீங்க? மீன் கூடையோட வுழுந்த அந்தம்மா எங்கியும் போவல. கோயில் தெருவுல வூட்டு வாசல்லதான் குந்திகினு கீது. போனை அதாண்ட குடுக்கட்டா, பேசுறீங்களா?"

"ஓரத்துல எழுதுறதெல்லாம் கணக்குல சேராதுக்கா. கட்டத்துல டிக் பண்ணியிருக்கணும்."

"மயக்கத்துக்குக் கட்டமே இல்லியே! உங்களோட ஒரே பேஜாரு மேடம்."

வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். மாத்திரை பாதுகாப்பானது என்று அறிக்கை போனது. அதில் என் பெயரும் இருக்கிறது. அடுத்த ஆய்வுக்கு அக்காவைக் கூப்பிடவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

போன மாதம் வேறு வேலையாகப் போனபோது கோவளம் பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தேன். அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"இன்னா மேடம், அந்தம்மா கெடச்சிட்டாங்களா?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

ஆய்வுக் குழுவுக்கு உண்மையை எழுத நாலு முறை உட்கார்ந்தாயிற்று. முதல் வரியைத் தாண்டவில்லை. கோயில் தெரு இங்கிருந்து அரை மணி நேரம்கூட இல்லை, அங்கேயும் போகவில்லை. படிவத்தின் நகல் என் மேஜையில் கிடக்கிறது. அந்தம்மாவின் பெயர் அதில் இல்லை, எண் மட்டும்தான். ஓரத்தில் இருக்கும் பென்சில் எழுத்தை இப்போதும் தெளிவாகப் படிக்க முடிகிறது. அன்றைக்கும் முடிந்தது.