காந்தம் இருந்த இடம்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் பகுதியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘காந்தம்’ என்றால்தான் தெரியும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். அதன் கனத்தில் அவருடைய எல்லாச் சட்டைகளுக்கும் பை தொங்கிப்போயிருக்கும். புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தாலும் ஒரே மாதத்தில் அந்தக் கதிதான்.

மரம் கடைவது அவர் தொழில். கிண்ணம், மூடி போட்ட டப்பா, நாற்காலிக் கால் என்று எதைக் கேட்டாலும் லேத்தில் கடைந்து தருவார். மரத்தைக் கடையில் வாங்க மாட்டார். சாலையை அகலப்படுத்த வெட்டிப்போட்டது, காற்றில் சாய்ந்தது, இடித்த வீட்டு உத்தரம், இவைதான் அவருக்கு மரம். அப்படி வரும் கட்டையில் ஒரு சங்கடம் உண்டு. எந்தக் காலத்திலோ எவனோ பலகை மாட்ட அடித்த ஆணியை மரம் மெல்ல மூடி வளர்ந்துவிடும். வெளியே பட்டையைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் மனிதனைவிட மரம் கெட்டிக்காரன். கடைசியில் ரம்பம்தான் கண்டுபிடிக்கும்.

நான் ரம்பத்துக்குப் பல் தீட்டுகிறவன். அவர் தவறவிடும் ஒவ்வொரு ஆணியும் எனக்கு வேலை. ஆனால் பதினோரு வருஷமாக அந்த வகையில் எனக்கு ஒரு வேலையும் தந்ததில்லை. கட்டையின் வெட்டு முகத்தில் கருநீலக் கறை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். இரும்பு உள்ளே இருந்தால் மரம் அப்படிக் கறுக்கும். பிறகு காந்தத்தை நூலில் தொங்கவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, விரல் விரலாக நகர்த்துவார். ஒரு தடவை அல்ல, நாலு தடவை. அகப்பட்ட ஆணியை உளியால் தோண்டி ஒரு கண்ணாடிப் புட்டியில் போடுவார். எல்லாம் முடிந்ததும் அக்காவைப் பட்டறைக்கு வெளியே அனுப்பிக் கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் மின்சாரத்தில் வளையமாகச் சுழலும் நாடா ரம்பத்தை ஓட்டுவார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தாழ்ப்பாள் கிடையாது. அவர் கட்டையைத் தள்ளுவார், அக்கா மறுபக்கம் நின்று பிடித்து இழுப்பாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளக்கூட வேண்டாம், அப்படி ஓடும் வேலை. ஒருநாள் ஒரு தெருமரக் கட்டைக்குள் ஆணி இருந்தது. ரம்பம் அறுந்து, உடைந்த பல் ஒன்று அக்காவின் இடது கண்ணில் தைத்தது. பார்வை திரும்பவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அவரைக் கேட்டேன்: “மாமா, காந்தம் வச்சுப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்டா. ஆழத்துல இருந்திருக்கு, புடிக்கல.”

அறுந்த ரம்பத்தைக் கழற்றியது நான். ஆணி பட்டைக்கு அரை அங்குலம் கீழேதான் இருந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். மன்னித்தேன் என்று சொன்னால் பொய். பல வருஷம் அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. அவர் நாலாவது தடவையாகக் காந்தத்தை நகர்த்திய ஒருநாள் பொறுக்காமல் சொல்லிவிட்டேன்: “கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.” சொன்ன பிறகுதான் அக்கா பின்னால் நிற்பது தெரிந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள்தான் முதலில் சிரித்தாள்.

“ஒரு கண்ணால பார்த்தாத்தான்டா கோடு நேராத் தெரியும்,” என்றாள்.

போன வருஷம் அவர்கள் வீட்டு வாசல் மரம் காய்ந்துபோனதால் வெட்டினார்கள். கல்யாணமான வருஷம் அக்கா நட்ட மரம். அடிக்கட்டையில் ஒரு பெரிய கிண்ணம் வேண்டும் என்றாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள்: “மறுபக்கம் நான்தான் புடிப்பேன்.”

மாமா தொடவில்லை. வெட்டு முகத்தில் மெழுகு பூசிக் கட்டையை மூலையில் போட்டுவிட்டார். கேட்டால் ஈரம் என்பார், இல்லை உள்ளே இரும்பு இருக்கிற மாதிரி இருக்கிறது என்பார். சூடு கண்ட பூனை. மாதங்கள் போயின, மெழுகையும் மீறி வெடிப்பு ஓட ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் விறகுக்குத்தான் ஆகும். அக்காவுக்குக் கிண்ணத்தைவிட அந்த மறுபக்கம்தான் முக்கியம் என்பது எனக்குப் புரிந்தது. அவரோடு சேர்ந்து வேலை செய்யாமல் அவள் தவித்துப்போயிருந்தாள்.

ஒரு காலை நான் தீட்டிய ரம்பத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா நேராக வந்து மாமாவின் பையிலிருந்து காந்தத்தை எடுத்தாள். கட்டையை உருட்டி உருட்டி அவளே பார்த்தாள்.

“இன்னைக்குப் பார்த்தது நான். ஏதாவது ஆனா அது என் தலையில. ஓட்டுங்க.”

கண்ணாடி, முகமூடி எல்லாவற்றையும் மாமா அவளுக்கு இரண்டு தடவை சரிபார்த்து மாட்டிவிட்டார். ரம்பம் ஓடியது. பாதிக் கட்டையில் சத்தம் மாறியது. மரத்தூளோடு மஞ்சளாக ஏதோ பளபளத்தது. மாமா சுவிட்சை அடித்து நிறுத்திவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார்.

ரம்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பித்தளைத் திருகு, ரம்பம் அதை வெண்ணெய் மாதிரி அறுத்திருந்தது. காந்தம் பித்தளையை இழுக்காது.

“துணிக்கொடி கட்ட நீங்க மாட்டுன கொக்கியோட திருகு,” என்றாள் அக்கா. “இரும்புன்னா மரம் கறுத்துடும், பின்னால கடைய ஆகாதுன்னு பித்தளை தேடி வாங்கிட்டு வந்தீங்க. எனக்கும் மறந்தே போச்சு.”

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். “நீ பார்த்தும் ஒண்ணு தப்பிச்சிருக்கு. நான் அன்னைக்குப் பார்க்கவே இல்ல. காந்தமே வைக்கல. எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்.”

“தெரியும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப அது ஃபிரிட்ஜ் கதவுல இருந்துச்சு, சாமான் பட்டியலப் புடிச்சுக்கிட்டு. அடிபட்ட அன்னைக்குக் காலையில உங்க சட்டையத் துவைக்கப் போட்டப்ப நான்தான் எடுத்து அங்க ஒட்டினேன். சொல்ல மறந்துட்டேன். எடுத்து வச்சவ நான், தேடாமப் போனவர் நீங்க.”

“பதினோரு வருஷமா ஏன் சொல்லல?”

“நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன். நீங்க சொன்னா நானும் சொல்லலாம்னு இருந்தேன்.”

என் கோபத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மாமா அழுதார். நான் ரம்பத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன், எனக்கும் கண் நிறைந்திருந்தது.

அக்கா முகமூடியைச் சரிசெய்துகொண்டு மறுபக்கம் போய் நின்றாள்.

“பாதியில நிக்குது,” என்றாள். “எழுந்து தள்ளுங்க.”